உடனே கிளம்பி வரச் சொல்லும் மோசடி

'வந்துக்கிட்டே இருக்கேன்' என்று ஒருவருக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால், இப்போதெல்லாம் உண்மையிலேயே வந்துகொண்டிருக்க வேண்டும். குளியலறையில் நின்றபடி அனுப்பினால் போகாது. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அதன் கீழே, 'கூற்று மெய்யன்று. திருத்தி அனுப்பவும்' என்று ஒரு வரி. திருத்தி, 'இன்னும் பல்லே விளக்கலை' என்று அனுப்பினால் மறுகணமே போய்ச் சேர்ந்துவிடும்.

எல்லாம் சல்லடையின் வேலை. ஒவ்வொருவர் கைப்பேசியிலும் அது உட்கார்ந்துகொண்டு, வருகிற மடல், செய்தி, அழைப்பு அத்தனையையும் சலித்துத்தான் உள்ளே விடும். அது வந்த பிறகு குப்பை மடல் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் விளக்க வேண்டியதாயிற்று. ஒரே வாரத்தில் முடி வளர்க்கும் எண்ணெய், கலந்துகொள்ளாத போட்டியில் விழுந்த பரிசு, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் பதற்றக் குரல் எல்லாம் ஒழிந்தன. வருங்காலத்தைப் பற்றிய பேச்சை மட்டும் சல்லடையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது இன்னும் பொய்யாகவில்லையே! அதனால் தையற்காரர்களும் அரசியல்வாதிகளும் பழையபடியே பிழைத்துக்கொண்டார்கள்.

சல்லடைக்கு உண்மை எப்படித் தெரியும்? எல்லோர் மணிக்கட்டிலும் இருக்கிற நாடிக்காப்பு வழியாகத்தான். அந்த மெல்லிய வளையம் நாடித்துடிப்பையும் இருக்கும் இடத்தையும் பேசும் பேச்சையும் தனக்குள் குறித்துக்கொள்ளும். ஒரு செய்தி வந்ததும், பெறுபவரின் சல்லடை சம்பந்தப்பட்டவரின் சல்லடையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: இது மெய்யா? பதில் 'ஆம்' அல்லது 'இல்லை'. அதற்கு மேல் ஒரு சொல்கூடக் கசியாது.

இது வந்த புதிதில் பெரிய கூச்சல் எழுந்தது. என் நாடியும் என் பேச்சும் ஒரு இயந்திரத்துக்கு எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் எழுதியவள்தான் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். வீட்டில் குழலி, அலுவலகத்தில் மொழி. சென்னையில் சல்லடை நிறுவனத்தின் விதிப் பிரிவுக்கு அவள் தலைமைப் பொறியாளர். 'சல்லடை எல்லாவற்றையும் அறியும். எதையும் வெளியில் சொல்லாது. ஒருவருடைய உடல்நிலை, குரல், முகம் மூன்றும் அவருடைய உடைமை. அவருடைய ஒப்புதல் இல்லாமல் அவை யாரையும் சென்றடையக் கூடாது' என்பது அவள் எழுதிய முதல் விதி. கூச்சல் அடங்கியது. அந்த விதியைச் சட்டமன்றத்தில் அப்படியே படித்துக் காட்டிக் கைதட்டினார்கள்.

குழலிக்கு இதில் சொந்தக் கோபமும் உண்டு. சல்லடைக்கு முந்தைய காலத்தில், அவளுடைய குரலைத் திருடி, அதே குரலில் அழுது, அவள் அப்பாவை ஏமாற்றினான் எவனோ ஒருவன். விபத்தில் மாட்டிக்கொண்ட மகள் அழுவதாக நம்பி, அப்பா செருப்புகூடப் போடாமல் தென்காசிப் பேருந்து நிலையத்துக்கு ஓடினார். பணம் போனது அவருக்குப் பெரிதில்லை. மகள் நிஜமாகவே அழைத்தால்கூட அதன்பின் பல மாதம் அவர் சந்தேகத்தோடு பேசினார். அதை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

அந்த அப்பா, குற்றாலிங்கம், ஒரு வெள்ளிக்கிழமை காலை இலஞ்சியில் தன் வீட்டுக் கூடத்தில் இறந்துபோனார்.

காப்பி குடித்தார். "மோட்டார அமத்தினியா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். மனைவி உலகம்மாள் அமர்த்திவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மருத்துவர் வந்து பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

ஒரே மகள் சென்னையில் இருக்கிறாள். மகள் வந்து முகம் பார்க்க வேண்டும். ஆனால் மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை எடுப்பது ஆகாது என்று அந்தக் குடும்பத்தில் கண்டிப்பான கணக்கு. வெள்ளி பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். விரைவு ரயில் ஐந்து மணி நேரத்தில் தென்காசிக்கு வந்துவிடும். காலையிலேயே தகவல் போய்விட்டால் அவள் வந்து பார்த்துவிடலாம். தகவல் சொல்லும் பொறுப்பை இறந்தவரின் தம்பி சொரிமுத்து ஏற்றுக்கொண்டார்.

அவர் எழுதியது, அந்தப் பக்கத்தில் எந்தச் சித்தப்பாவும் எழுதுவதுதான்: 'அப்பாவுக்கு கொஞ்சம் முடியல. உடனே கிளம்பி வா.'

சிவப்புப் புள்ளி விழுந்தது. கூற்று மெய்யன்று.

"என்னது இது, பொய்யிங்குது?" என்றார் சொரிமுத்து. 'சீரியஸா இருக்கு' என்று மாற்றினார். புள்ளி. 'ஆஸ்பத்திரில சேத்திருக்கு' என்றார். புள்ளி. அழைத்துப் பார்த்தார். அழைப்பின் காரணத்தைச் சொல்லும்படி சல்லடை கேட்டது. அண்ணனுக்கு நெஞ்சு வலி என்றார். அழைப்பு அறுந்தது.

பக்கத்தில் நின்ற மச்சினன் சொன்னார்: "உள்ளத எழுதிப் போடுமே. போயிரும்."

சொரிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்துட்டாருன்னு எழுதச் சொல்லுதீரா? அந்தப் புள்ள ரயில்ல அஞ்சு மணி நேரம் தனியா உக்காந்து வரணும்வே. பக்கத்துல தண்ணி வாங்கிக் குடுக்க ஆள் கெடையாது. முடியலன்னு சொன்னா, பொழச்சுக்கிடுவாங்கன்னு நெனச்சுட்டாவது வந்து சேரும். வந்து பாத்து அழட்டும், நாம சுத்தி இருக்கோம்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. ஏனென்றால் அதுதான் சரி என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சாவுச் செய்தியைச் சாவுச் செய்தியாகச் சொல்லுகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. அந்தப் பொய் வழிப்பயணத்துக்குக் கட்டிக் கொடுக்கும் சோறு மாதிரி. ஊர் வந்து சேரும்வரை தாங்கும். ஆகவே சொரிமுத்துவின் கைப்பேசியில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, அத்தை, பெரியம்மா, பெரியம்மா மகன்கள், மச்சினன் என்று ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து அதே செய்தியை அனுப்ப ஆரம்பித்தார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று, வார்த்தை மாறாமல் அனுப்பினார்கள். கடைசியில் உலகம்மாளின் கைப்பேசியிலிருந்தும் யாரோ அனுப்பிப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் புள்ளி விழுந்தது.

சென்னையில், குழலியின் மேசைத் திரையில் ஒரு எச்சரிக்கை மினுங்கியது.

தென் மாவட்டத்தில் புதுவகை மோசடி. ஒரே ஊரிலிருந்து பல முகவரிகள், ஒரே வாசகம், ஒரே ஒரு நபரைக் குறி வைத்துத் திரும்பத் திரும்பத் தாக்குகின்றன. அனுப்புவோர் பெயர், பெறுபவர் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் மறைக்கப்பட்டிருந்தன. ஆய்வு செய்பவர்கூட அடுத்தவர் அந்தரங்கத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவளே எழுதிய விதிதான். செய்தியின் சாரம் மட்டும் தெரிந்தது: 'நெருங்கிய உறவினர் நலமில்லை. அவசரம். உடனே புறப்படச் சொல்கிறது. மெய்யன்று.'

"பணமே கேக்கலையே, ஜெசிந்தா" என்றாள் பக்கத்து இருக்கைக்காரியிடம். "வெறுமனே கிளம்பி வரச் சொல்றாங்க. இதுல திருடனுக்கு என்ன லாபம்?"

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். "ஆள் கிளம்பிப் போயிட்டா வீடு காலியா இருக்கும்ல? பூட்ட உடைக்கத்தான். இல்ல, வழியில மடக்கறதுக்கோ என்னவோ. எதுக்கு வம்பு, மொழி. தடுத்துடு."

குழலிக்கு அந்த முகம் தெரியாத நபரின் மேல் இரக்கம் பிறந்தது. செருப்பில்லாமல் ஓடிய அப்பாவை நினைத்துக்கொண்டாள். யாரோ ஒரு அப்பாவியை இத்தனை பேர் சூழ்ந்துகொண்டு ஏமாற்றப் பார்க்கிறார்கள். அவள் 'முழுத்தடை' என்ற கட்டத்தை அழுத்தினாள். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு தேநீர் எடுத்துவரப் போனாள்.

முழுத்தடையில் ஒரு நுணுக்கம் உண்டு. தடுக்கப்பட்டவர்களுக்குத் தாங்கள் தடுக்கப்பட்டது தெரியாது. தெரிந்தால் வேறு வழி தேடுவார்களே! அதனால் அவர்கள் எதை அனுப்பினாலும், 'சேர்ந்தது' என்று பச்சை அடையாளம் காட்டிவிட்டு, சல்லடை அதைச் சத்தமில்லாமல் கொட்டிவிடும். அழைத்தாலும் அவர்கள் காதில் மட்டும்தான் மணி அடிக்கும்.

இலஞ்சியில் பச்சை அடையாளத்தைப் பார்த்ததும் எல்லோரும் மூச்சு விட்டார்கள். போய்ச் சேர்ந்துவிட்டது. இனி கிளம்பிவிடுவாள். ஆனால் பதில் வரவில்லை. வெயில் ஏறி இறங்கியது. எந்த ரயில், எத்தனை மணிக்கு என்று கேட்டு அனுப்பியதற்கும் பச்சை அடையாளம் மட்டும்தான் வந்தது. அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பந்தலில் பேச்சு மாறத் தொடங்கியது. பாத்துட்டு இருக்கா, ஆனா பதில் போட மனசில்ல. பெரிய வேல, பெரிய இடம். அப்பனுக்கு முடியலன்னு சொன்னாக்கூட வரமாட்டாளாம்.

உலகம்மாள் எழுந்து வந்தாள். "போன இப்படிக் குடுங்க" என்று தன் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

"மைனி, நீங்க போட வேண்டாம்" என்றார் சொரிமுத்து.

"எம் புள்ளயப் பத்தி எனக்குத் தெரியும். முடியலன்னா ஆஸ்பத்திரில பாத்துக்கிடுவாங்கன்னு இருந்துருப்பா. நான் சொல்லுதேன்."

அவள் வாழ்நாளில் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சொல்லை விரலால் எழுதினாள். 'அப்பா செத்துட்டாங்க. வா.' பச்சை அடையாளம் விழுந்தது. உலகம்மாள் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அதற்கும் பதில் வராதபோது அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஒரு மணி நேரம், கணவன் இறந்ததைவிட அது அவளுக்குப் பெரிதாக வலித்தது.

வேலை முடித்துப் பையை எடுக்கும்போது குழலி அப்பாவை அழைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரோடு பேசுவது வழக்கம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அம்மாவை அழைத்தாள். தானே அழைக்கும்போது தடை குறுக்கே வராது. சல்லடை மட்டும் நடுவில் இருக்கும்.

"செய்தி பாத்தியாட்டி?" என்றாள் உலகம்மாள் எடுத்த எடுப்பில்.

"எந்தச் செய்திம்மா? ஒண்ணும் வரலையே. அப்பா ஏன் போன எடுக்க மாட்டேங்காங்க?"

இவளுக்குத் தெரியாது என்பது உலகம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. இறங்கிய வேகத்தில் பழைய பொய் தானாக வாய்க்கு வந்தது. குழலியின் காதில் அது விழவில்லை. சட்டென்று ஒரு மௌனம். திரையில் சிவப்புப் புள்ளி.

"அம்மா? அப்பா எங்க?"

மறுபடி மௌனம். மறுபடி புள்ளி.

"நீ கிளம்பி வா." இது கேட்டது. ஏவலில் மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை; சல்லடை விட்டுவிடும். "சாப்ட்டியா? ஏதாவது சாப்ட்டுட்டுக் கிளம்பு."

குழலி கைப்பையைக் கீழே வைத்தாள். அம்மா அடுத்தடுத்து இரண்டு பொய் சொல்லியிருக்கிறாள். அவள் எதற்காகப் பொய் சொல்லுவாள்? புள்ளியின் மேல் விரலை வைத்து, உண்மை என்ன என்று சல்லடையைக் கேட்டாள். அது தயங்காமல் பதில் சொன்னது: 'உண்மை நிலை மூன்றாம் நபரின் அந்தரங்கம். வெளியிட இயலாது.' அந்த வாக்கியத்தை எழுதியவள் அவள்தான். நல்ல நடையில் இருக்க வேண்டும் என்று பலமுறை திருத்தி எழுதியிருந்தாள். அப்பா மூன்றாம் நபர் ஆகிப்போனார்.

நெருங்கிய உறவினர் நலமில்லை, உடனே புறப்படச் சொல்கிறது, மெய்யன்று. காலையில் தன் கையால் அழுத்திய கட்டம் அவள் கண்முன் வந்தது.

"அம்மா, அப்பா இருக்காங்களா?"

உலகம்மாள் சற்று நேரம் பேசவில்லை. புள்ளி விழாத மௌனம் அது.

"இல்லட்டி."

அந்த ஒரு சொல் துல்லியமாக வந்து சேர்ந்தது.

"இப்ப எடுக்கப் போறாங்க. நேரமாயிட்டு. நீ வருவன்னு இவ்வளவு நேரம் வச்சிருந்தோம்."

"மொகத்தக் காட்டும்மா. ஒரு தடவ காட்டச் சொல்லு." குழலி அலுவலகம் என்பதையும் மறந்து கத்தினாள். ஜெசிந்தா ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சொரிமுத்து கைப்பேசியை வாங்கி, பாடையின் பக்கம் திருப்பினார். மாலை தெரிந்தது. கோடித் துணி தெரிந்தது. நெற்றிக் காசு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் நின்றது. 'இந்நபரின் ஒப்புதல் கிடைக்கவில்லை' என்று எழுத்துகள் ஓடின. உயிரோடு இருப்பவருக்கு நாடிக்காப்பு கணத்துக்குக் கணம் ஒப்புதல் தந்துகொண்டிருக்கும். நாடி நின்றவரிடம் யார் போய்க் கேட்பது? அப்படி ஒரு நிலை வரும் என்று குழலி நினைத்துப் பார்த்ததே இல்லை.

"தெரியுதா தாயி?" என்று கேட்டார் சொரிமுத்து. கோபத்தையெல்லாம் மறந்து, படத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனார். மேகம் இன்னும் பெரிதாயிற்று.

விதியைத் தளர்த்த இரண்டு அதிகாரிகள் கையெழுத்திட வேண்டும். ஜெசிந்தா மாடிக்கு ஓடினாள். இலஞ்சியில் பொழுது காத்திருக்கவில்லை. சங்கு ஊதினார்கள், சேகண்டி அடித்தார்கள். அவை மட்டும் தெளிவாகக் கேட்டன. கூட்டம் நகர்ந்ததும் கைப்பேசி மறுபடி உலகம்மாளின் கைக்கு வந்தது. அவள் முகம் திரையில் தெரிந்தது. அவள் அழுதபடி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை, சிவப்புப் புள்ளி விழுந்தது. அதையே இன்னொரு முறை சொன்னாள். இன்னொரு புள்ளி விழுந்தது.

ரயிலில் குழலி ஒரு விதிவிலக்கு எழுதப் பார்த்தாள். 'அன்பினால் சொல்லப்படும் பொய்களை அனுமதிக்கலாம்' என்று தொடங்கி நிறுத்தினாள். அன்பை எதை வைத்து அளப்பது? அந்தக் கதவைத் திறந்தால் முதலில் நுழைபவன், தன் குரலைத் திருடி அழுதவனைப் போன்றவன்தான். அவனுடைய அழுகையில் அன்புக்குக் குறைவே இருக்காது. சித்தப்பாவின் வாசகமும் அவனுடைய வாசகமும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டிலும் உறவு, இரண்டிலும் அவசரம், இரண்டிலும் பொய். இதைப் பிரித்துப் பார்க்க மனிதர்களுக்கே ஒரு ஆயுள் ஆகிறது. எழுதியதை அழித்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா பயந்தபடியே, தண்ணீர் வாங்கிக் கொடுக்கக்கூட யாரும் இல்லாமல் ஊர்வரைக்கும் தனியாக வந்து சேர்ந்தாள்.

வீட்டில் உறவினர்கள் ஒன்றிரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்கள். குழலி கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, உள்ளறையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அழுது ஓய்ந்தபோது விடிந்திருந்தது. குழலி கேட்டாள்:

"நேத்து போன்ல கடைசியா என்னம்மா சொன்ன? எனக்குக் கேக்கல."

உலகம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் பேரச் சொல்லிட்டேதான் கண்ண மூடுனாங்க. 'குழலி எப்ப வாரா, குழலி எப்ப வாரா'ன்னு கேட்டாங்க."

அந்த அறையில் சல்லடை இல்லை. புள்ளி எதுவும் விழவில்லை. ஆனால் அது நேற்றே விழுந்துவிட்டது. அதுவும் இரண்டு தடவை. உலகத்தில் எத்தனையோ பெண்கள் இதே வார்த்தையைக் கேட்டு நம்பி, அதை வைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையை ஓட்டியிருக்கிறார்கள். குழலி நம்பத்தான் பார்த்தாள். அவளால் முடியவில்லை. தனக்கு அந்தப் பொய் எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அப்படியாம்மா" என்றாள்.

உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே ஆட்கள் இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்: "அத்தன பேரு செய்தி போட்டோம். நானும் போட்டேன். ஏன்ட்டி நீ பதிலே போடல?"

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட வேண்டும் என்று ரயிலில் குழலி வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தாள். உங்க எல்லாரையும் மோசடிக்காரங்கன்னு முத்திரை குத்தினது நான்தாம்மா. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நேத்து பூரா ஆபீஸ்ல போன் வேல செய்யலம்மா" என்றாள்.

உலகம்மாள் தலையை ஆட்டினாள். "அதத்தான் நான் நேத்துலருந்து எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருக்கேன்" என்றாள். "உங்க சித்தப்பா கேட்டாலும் நீ அதையே சொல்லு."